கோவேறு கழுதையின் ஐந்து பண்புநலன்கள்

ஜனவரி 9, வியாழன். காலை 10.30. மூன்றாம் சுற்றுப் புற்றுநோய் மருந்து ஏற்றலாம் என்று மருத்துவர் கூறினார். மனைவி வேண்டாம் என்றார். ஒப்புதல் தாளில் நான் கையெழுத்திட்டேன்.

ஜனவரி 13, திங்கள். மருந்து ஏற்றப்பட்டது.

பிப்ரவரி 27, வியாழன். காலை 6.10. மனைவி இறந்தார். வயது அறுபத்தொன்பது.

அதே நாள், 8.00. மனைவியின் ஊரான நாசரேத்திலிருந்து குருவானவர் தொலைபேசியில் வாழ்க்கைக் குறிப்பு கேட்டார். 8.05க்குத் தொடங்கி 8.40க்கு எழுதி முடித்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி. 11.00. நாசரேத்தில் அடக்க ஆராதனை. வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கப்பட்டது. 12.30. அடக்கம்.

மே, முதல் வாரம். வாழ்க்கைக் குறிப்பு சபை இதழில் அச்சாகி வந்தது.

ஜூலை 21, திங்கள். கல்லறை கட்டும் கொத்தனார், கல்லில் வெட்டவேண்டிய வாசகத்தைக் கேட்டார். பெயருக்கும் தேதிகளுக்கும் கீழே மூன்று வரிக்கு இடம் விட்டிருப்பதாகச் சொன்னார். இன்றுவரை கொடுக்கவில்லை.

முப்பத்தோராண்டுகள் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் மூன்று வரி எழுத முடியாமல் இருக்கிறான் என்பதைத் துக்கத்தின் அடையாளமாக என் உறவினர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களை நான் திருத்தவில்லை. துக்கம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு. நான் முன்பு எழுதிய ஐந்து வரிகள் எங்கிருந்து வந்தவை என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் சபைகளில் ஒருவரை அடக்கம் செய்வதற்கு முன்பு, பெட்டி ஆலயத்துக்குள் இருக்கும்போதே, அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது வழக்கம். பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற ஆலயம், படித்த பள்ளி, பார்த்த வேலை, மணமான ஆண்டு என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் குணநலன் பற்றி ஒரு பத்தி வரும். அதை வீட்டார்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். வீட்டில் எழுதத் தெரிந்தவர் இல்லையென்றால், தெருவில் எழுதத் தெரிந்தவரிடம் வருவார்கள். அப்படி என்னிடம் பலர் வந்திருக்கிறார்கள். எத்தனையோ வீட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முகம் பார்த்திராதவர்களுக்கும் குணநலன் எழுதியிருக்கிறேன். கேட்டவர்கள் கண் கலங்கி, “நேர்ல பாத்தாப்ல எழுதியிருக்கிய” என்பார்கள். இதில் எனக்கு ஒரு சிறிய பெருமையும் இருந்தது.

பிப்ரவரி 27 காலை, மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், உடலை ஒப்படைப்பதற்கான தாள்கள் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், மடியில் ஒரு பழைய நாட்குறிப்பேட்டை வைத்துக்கொண்டு நான் எழுதினேன். தேதிகளை இரண்டு முறை தவறாக எழுதி அடித்தேன். குணநலன் பத்திக்கு வந்ததும் தடுமாற்றம் நின்றுவிட்டது. சொற்கள் தாமாக வந்தன. அந்தப் பத்தியில் ஓரிடத்திலும் அடிக்கவில்லை, திருத்தவில்லை. முடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஓசை நன்றாக இருந்தது. நாற்பத்து மூன்று ஆண்டு இல்வாழ்க்கை என் கையைப் பிடித்து எழுதவைத்தது என்று அப்போது நினைத்தேன். அந்த நினைப்பை இங்கே பதிவு செய்வது எளிதாக இல்லை.

நான் எழுதியது இது:

“தாம் புகுந்த இல்லத்தின்மீது அவர் கொண்ட பற்றுறுதி இறுதிவரை தளரவில்லை. ஓய்வை அறியாத உழைப்பு அவருடையது. வலியிலும் வாய்திறந்து முறுமுறுக்காத பொறுமையை அவருடைய நோய்ப்படுக்கையில் கண்டோம். தமக்கென எதையும் வேண்டாத தன்னலமின்மை அவரது அணிகலன். தம்மீது ஏற்றப்பட்ட சுமையை ஒருபோதும் கீழே இறக்கிவைக்காமல், கடைசி மூச்சுவரை கடமையில் நின்றார்.”

மறுநாள் ஆலயத்தில் இதைக் குருவானவர் வாசித்தார். என் முழங்கால் வலி காரணமாக, பெட்டிக்குப் பக்கத்தில், சபையாரைப் பார்த்தவாறு எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதனால் எல்லா முகங்களும் எனக்குத் தெரிந்தன. மூன்றாவது வரிசையின் ஓரத்தில் ஏரலில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் பழைய மாணவர். இப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆலயத்துக்குள் வந்து பழக்கமில்லாதவர் என்பதால் எப்போது எழவேண்டும், எப்போது உட்காரவேண்டும் என்று பக்கத்திலிருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்.

குணநலன் பத்தி தொடங்கியதும் அவர் தலை நிமிர்ந்தது. குருவானவர் “பற்றுறுதி” என்று வாசித்து முடித்ததும், அந்த மனிதரின் உதடுகள் மெல்ல அசைந்து அடுத்த சொல்லைச் சொல்லின. அதன் பிறகுதான் குருவானவர் அதை வாசித்தார். மூன்றாவது பண்புக்கும் அப்படியே நடந்தது. நான்காவதுக்கும். வாசிப்பவருக்கு ஒரு சொல் முன்னதாகவே, மூன்றாவது வரிசையில் ஒருவர் ஓசையில்லாமல் என் மனைவியின் குணநலன்களை ஒப்பித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ்ப் பாடத்தில் ஒரு நாவல் இருந்தது. இரண்டாம் உலகப் போரில், பர்மா மலைப்பாதைகளில், பின்வாங்கும் படை ஒன்றுக்கு அரிசியும் தோட்டாவும் சுமந்த ஒரு கோவேறு கழுதைதான் அதன் நாயகன். பெரிய நாவல் என்று சொல்லமாட்டேன். ஆனால் தேர்வில் அதிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும்: கோவேறு கழுதையின் பண்புநலன்களை விவரிக்க. அதற்கு நான் தயாரித்த விடைக் குறிப்பு எங்கள் கல்லூரியைத் தாண்டி, மாவட்டம் முழுவதும் படியெடுக்கப்பட்டுச் சுற்றியது. முன்னுரை, ஐந்து உள்தலைப்புகள், முடிவுரை. பற்றுறுதி. ஓய்வறியா உழைப்பு. வாய் திறவாப் பொறுமை. தன்னலமின்மை. கடைசி மூச்சுவரை கடமை. படை என்ற இடத்தில் இல்லம் என்றும், போர்க்களம் என்ற இடத்தில் நோய்ப்படுக்கை என்றும் மாற்றியதைத் தவிர, என் மனைவிக்காக நான் புதிதாக ஒரு சொல்லையும் தேடவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எல்லாரும் என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிக் கடந்துபோனார்கள். இரும்புக் கடைக்காரர் கடைசியில் வந்தார். என் மனைவியின் தங்கை என் பக்கத்தில் நின்றிருந்தாள். ஓய்வுபெற்ற செவிலி. நாசரேத்திலேயே குடியிருப்பவள்.

“ஐயா, எனக்குக் கண்ணு கலங்கிட்டு” என்றார் அவர். “ஒரு வார்த்த மாறல. அஞ்சும் அதே வரிசையில வருது. ஒடம்பெல்லாம் சிலுத்துட்டு. எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு.”

“என்ன?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அந்தக் காலத்துலயே அம்மாவ மனசுல வச்சுத்தான் எங்களுக்கு நடத்தியிருக்கிய. நாங்க அது பாடம்னுல்லா நெனச்சோம்.”

என் மைத்துனி அவரைப் பார்த்தாள். “எது பாடம்?”

“கோவேறு கழுதம்மா. ரெண்டாம் வருசம். எனக்கு இன்னைக்கும் தலைகீழாச் சொல்ல வரும்.”

அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவருடைய முகத்தில் கேலி இல்லை. தம் ஆசிரியரைப் பற்றி ஓர் உயர்ந்த செய்தியைக் கண்டுபிடித்தவரின் நிறைவுதான் இருந்தது. என் மைத்துனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு உண்மையாகவே அழுதாள்.

“அத்தான்” என்றாள், சற்று அடங்கியதும். “அக்கா இதக் கேட்டிருந்தா பெட்டிய விட்டு எந்திச்சு வந்திருப்பா.”

கடைக்காரரின் அன்பான தவறைத் திருத்துவதற்கு எனக்கு அன்று வாய்ப்பு இருந்தது. திருத்தவில்லை. அதைவிட இழிவான ஒன்றையும் செய்தேன். அவர் சொன்ன விளக்கத்தில் தங்கிப் பார்த்தேன். சில வாரங்கள், ஒருவேளை அப்படித்தானோ, என் மனைவியை நினைத்துத்தான் அந்தக் குறிப்பை எழுதினேனோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சபை இதழின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, வாழ்க்கைக் குறிப்பு மிக அருமையாக இருந்தது, அச்சிடலாமா என்று கேட்டபோது, சரி என்றேன். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியும் அனுப்பினேன்.

ஆனால் அந்தக் குறிப்பு எப்படி எழுதப்பட்டது என்பதற்கு ஒரு சாட்சி இருந்தாள். அவளைத்தான் அடக்கம் செய்திருந்தோம்.

அப்போது எங்களுக்கு மணமாகி நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். துறைமுகச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வாடகை வீடு. அவள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவள் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். அந்தக் காலத்தில் குறிப்புகளை மெழுகுத்தாளில் எழுத்தாணியால் எழுதி, ஸ்டென்சில் வெட்டி, உருளையில் மை தடவிப் படியெடுப்பார்கள். என் குறிப்புகளுக்கெல்லாம் ஸ்டென்சில் வெட்டியவள் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்துக்குப் போய் வந்ததும், நான் எழுதி வைத்திருந்த தாளைக் கையில் எடுத்தவள், வெட்டத் தொடங்காமல், நாவலைக் கேட்டாள். சாப்பாட்டுக்கு முன் தொடங்கி மாலைத் தேநீருக்குள் முழுவதையும் படித்துவிட்டாள். பிறகு என் தாளோடு வந்தாள்.

“இதுல ஒண்ண விட்டுட்டிய” என்றாள்.

“எதை?”

“மூங்கில் பாலத்துல ஏறமாட்டேன்னு நின்னுச்சே. அடிக்காங்க, இழுக்காங்க, வாலுக்குக் கீழ தீக்குச்சியக் காட்டுதாங்க. அசையல. ராத்திரி முழுக்க ஒரு பட்டாளத்தையே நிறுத்தி வச்சிருக்கு. அதக் காணமே.”

“அது பிடிவாதம். பண்புநலன்ல வராது.”

“ஏன் வராது? அந்தப் பொஸ்தகத்துல அதுவாச் செஞ்சது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அது முதுகுல அடுத்தவுக ஏத்துனது. சுமையக் கட்டி, கயித்தப் பிடிச்சு இழுத்துட்டு, பற்றுறுதிங்கிய. அவுத்து விட்டா நிக்குமா போகுமான்னு யாராச்சும் பாத்தாகளா?”

பாலம் இடிந்து விழுந்ததா என்று அந்த நாவலில் ஓரிடத்திலும் இல்லை. படை வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனது, அவ்வளவுதான். நான் அதைச் சுட்டிக்காட்டினேன். பாலம் இடிந்திருந்தால் கழுதையின் முன்னறிவு என்று ஆறாவது தலைப்புப் போடலாம். இடியாதபோது எதைப் போடுவது என்று வாதிட்டேன்.

“இடிஞ்சா என்ன, இடியாட்டா என்ன? அது வேண்டாம்னு சொல்லுச்சுலா? அதுக்கு மார்க்கு கிடையாதோ?”

“கேள்விக்கு அஞ்சு பாயிண்டு போதும்” என்றேன்.

அவள் சிரித்தாள். “கணக்குல விடையப் பாத்துட்டு வழியப் போட்டா நான் சைபர் போடுவேன். உங்க பாடத்துல முதல் வகுப்புல்லா குடுக்காக!” என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து, நான் எழுதியிருந்ததை ஒரு சொல்லும் மாற்றாமல் வெட்டிக் கொடுத்தாள். அதன் பிறகு அந்தக் குறிப்பைப் பற்றி அவள் பேசியதில்லை. நான் அந்த உரையாடலை ஒரு வேடிக்கையாகத் துறையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கணக்கு டீச்சர் இலக்கியம் படித்த கதை என்று.

ஆகவே அந்தக் கழுதைக்குள் என் மனைவி இல்லை. இருந்திருக்கக்கூடிய ஒரே இடத்தை அவளே காட்டினாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

ஜனவரி 9 அன்று நடந்ததை மேலே மூன்று வாக்கியங்களில் எழுதியிருக்கிறேன். அவை போதா. இரண்டு சுற்று மருந்தில் அவள் எடை பாதியாகியிருந்தது. மருத்துவர் மூன்றாவதைப் பற்றிச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, “வேண்டாம் டாக்டர்” என்றாள். தெளிவாகச் சொன்னாள். மருத்துவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். “அவளுக்குக் கொஞ்சம் பயம், வேற ஒண்ணுமில்ல” என்றேன்.

“பயமெல்லாம் இல்ல” என்றாள் அவள். “ரெண்டு தடவ ஏத்திப் பாத்தாச்சு. மூணாவது தடவையும் அதே விடைதான் வரும். உங்களுக்கு அவ்வளவு ஆசையின்னா நீங்க ஏத்திக்கிடுங்க.”

மருத்துவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வெளியே மேசையில் போய்க் கையெழுத்திட்டேன். தாளை அவளிடம் கொண்டுவந்தபோது மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். நான் அறுபத்தெட்டு என்று எழுதியிருந்த வயதை அடித்து, அறுபத்தொன்பது என்று எழுதினாள். நோயாளியின் கையொப்பம் என்றிருந்த இடத்தைக் காலியாகவே விட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தாள் அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டது. எங்கள் ஊரில் கணவன் கையெழுத்துப் போதும்.

மருந்து அவளைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஏற்றாமல் இருந்திருந்தால் எத்தனை நாள் இருந்திருப்பாள் என்று எவருக்கும் தெரியாது. அது என் கேள்வியும் இல்லை. அந்த ஆறு வாரமும் அவள் பொறுமையாக இருக்கவில்லை. முறுமுறுத்தாள். ஒருநாள் கஞ்சித் தம்ளரைச் சுவரில் வீசினாள். என்னோடு நான்கு நாள் பேசாமல் இருந்தாள். பேசத் தொடங்கியபோது, “நான் வேண்டாம்னு சொன்னது உங்க காதுல விழலியா, இல்ல விழுந்துச்சா?” என்று கேட்டாள். விழவில்லை என்று பொய் சொன்னேன். இவ்வளவும் நடந்து முடிந்த பின்தான், அவள் உடல் மாடியில் இருக்கும்போது, வலியிலும் வாய்திறந்து முறுமுறுக்காத பொறுமை என்று எழுதினேன்.

கொத்தனார் கேட்ட மூன்று வரிக்காக ஜூலை முடியும்வரை முயன்றேன். ஒரு வழி கண்டுபிடித்தேன். எழுதும் ஒவ்வொரு வரியையும், இது அந்தக் கோவேறு கழுதைக்குப் பொருந்துமா என்று சோதித்தேன். அன்பின் உறைவிடம். பொருந்தியது. பிறர்க்கென வாழ்ந்தவர். பொருந்தியது. நல்லாசிரியை என்பது மட்டும் பொருந்தவில்லை. ஆனால் அது தொழில், குணம் அன்று. வேதாகமத்திலிருந்து ஒரு வசனம் எடுத்துப் போட்டுவிடலாம் என்றார்கள். கல்லறைகளில் வழக்கமாக வெட்டப்படும் வசனங்களையும் சோதித்தேன். அவையும் ஏறத்தாழ எல்லாம் பொருந்தின.

பொருந்தாதவை கல்லில் வெட்ட முடியாதவையாக இருந்தன. பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் செய்தித்தாளில் வரும் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை, ஓய்வுபெற்ற பிறகும் ஆண்டுதோறும், சாப்பாட்டு மேசையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத்துக்குள் போட்டு முடிப்பாள். அந்நேரத்தில் யார் வந்தாலும் கதவைத் திறக்கமாட்டாள். பிடிக்காத விருந்தாளி வந்தால் வீட்டில் காப்பித்தூள் இல்லை என்பாள். உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் எங்கள் வாசலை அடைத்து நிற்கும்போது, ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய்ச் சாலையில் கோடு போட்டு, “இந்தக் கோட்டுக்கு இங்கிட்டு சக்கரம் வந்தா நான் முன்னால உக்காந்துக்கிடுவேன்” என்பாள். ஓட்டுநர்கள் அவளுக்குப் பயப்படவில்லை. ஆனால் கோட்டுக்கு அப்பால்தான் நிறுத்தினார்கள். முத்துக்குளித்துறை என்று பாடப்புத்தகங்கள் இன்னமும் பெருமைப்படும் இந்தக் கடற்கரையைப் பற்றி நான் சொற்பொழிவாற்றும்போதெல்லாம், பின்வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் காட்டுவாள்.

ஆகஸ்டு மாதம் ஒருநாள் நாசரேத்துக்குப் புறப்பட்டேன். ஏரல் வழியாகத்தான் பேருந்து. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இறங்கி, இரும்புக் கடைக்குப் போனேன். மாணவர் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தம் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆணி வாங்க வந்திருந்த முதியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இவியதானா ஒம்ம ரெண்டு தடவ பெயிலாக்குன வாத்தியாரு?”

“ரெண்டுன்னு யாருவே சொன்னா? மூணு!” என்றார் மாணவர், ஏதோ பட்டத்தைச் சொல்வதுபோல. “நாலாவதுலதான் கரையேறுனேன். கழுதய முழுசா ஒப்பிச்சேன், தப்பிச்சேன்.”

“கழுத ஏறிக் கரை சேந்த ஆளு நீருதான்வே” என்று சொல்லிவிட்டு முதியவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

“நான் சொல்லிக்கொடுத்த பதில் தப்பு” என்றேன்.

“எதுய்யா?”

“கோவேறு கழுதை. அஞ்சும் தப்பு.”

அவர் சிரித்தார். “பாஸ் பண்ணி முப்பது வருசம் ஆச்சு. இனி என்ன, மார்க்கத் திருப்பியா வாங்கப் போறாங்க?”

“அதை என் மனைவியை நினைச்சு நான் எழுதல. நீங்க அன்னைக்குச் சொன்னது சரியில்ல. அவ சொன்ன ஒண்ணை நான் அதுல சேக்காம விட்டேன். பிறகு அவ செத்த அன்னைக்கு, என்ன எழுதன்னு தெரியாம, அதையே எடுத்து அவளுக்குப் போட்டுட்டேன். அதுதான் நடந்தது.”

அவர் தராசுத் தட்டில் கிடந்த ஆணிகளைத் துழாவிக்கொண்டிருந்தார். “அம்மா என்ன சொன்னாக?”

பாலத்தைப் பற்றிச் சொன்னேன். தீக்குச்சியையும் சொன்னேன்.

“அது நோட்ஸ்ல இல்லியே.”

“இல்ல. நான் போடல.”

“நாவல்ல இருக்கோ?”

“இருக்கு.”

“நான் நாவலப் படிக்கலய்யா” என்றார் அவர். “நாங்க யாருமே படிக்கல. உங்க நோட்ஸ் இருந்துச்சுலா, பொறகு என்னத்துக்குப் படிக்க?”

அவருக்குத் தெரிந்த உண்மையை அவர் சொன்னார். நான் எழுந்துகொண்டேன். பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்தார். ஏறும்போது, “அந்தப் பொஸ்தகம் உங்கட்ட இருந்தா அடுத்த தடவ கொண்டு வாங்கய்யா” என்றார். இருக்கிறது என்றேன்.

என் மைத்துனி வீட்டில் வாசல் திறந்தே கிடந்தது. முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வருவதைப் பார்த்தும் எழவில்லை.

“கல்லுக்கு எழுதிட்டியளா?”

“இல்ல.”

“கொத்தன் நேத்தும் வந்தான். சார்வாள் பெரிய படிப்பாளி, நூறு வரி தந்துருவாகளோன்னு பயமா இருக்குங்கான். மூணு வரிக்கே வழியக் காணம்னு சொல்லி அனுப்புனேன்.”

ஏரலுக்குப் போய் வந்ததைச் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“கடக்காரர்ட்ட சொன்னது சரி. சபை இதழ்ல வந்துச்சே, அத யார்ட்ட சொல்லுதது? ஊர்ல பாதிப் பேரு வெட்டி வேதப் பொஸ்தகத்துக்குள்ள வச்சிருக்காக. எங்க அக்காவப் பத்தி எங்கிட்டயே வந்து சொல்லுதாக, வாய் தெறக்காத புண்ணியவதியாம். அவ வாயத் தெறந்தா தெருவே அடங்கும். ‘ஏளா, நான் செத்தா என்னைய நல்லவன்னு எவனும் பேச விட்ராத’ன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கா.”

நறுக்கிய துண்டுகளை அவள் ஒருபக்கம் ஒதுக்கினாள்.

“தெரியலன்னா பேரையும் தேதியையும் மட்டும் போடச் சொல்லுங்க அத்தான். எடம் சும்மா கிடந்தா ஒண்ணும் குறஞ்சு போகாது. தெரியாதத எழுதுததுக்கு அது தேவல.”

“எனக்குத் தெரியும்” என்றேன். “எழுதத்தான் முடியல.”

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். செவிலியாக இருந்தவர்களுக்கு உரிய பார்வை. அதில் கோபம் குறைவு.

“கடைசி வாரம், நீங்க கீழ காப்பி வாங்கப் போயிருந்திய. அக்கா உங்களப் பத்தி ஒண்ணு சொன்னா. அந்தக் கையெழுத்தப் பத்தித்தான். நீங்க கேட்டா சொல்லணும்னா. கேக்காட்டா சொல்லாண்டாம்னா.”

அடுப்பில் உலை கொதித்தது. எழுந்து போய் அரிசியைப் போட்டுவிட்டு வந்தாள். மறுபடியும் உட்கார்ந்து காயை எடுத்துக்கொண்டாள். நான் கேட்பதற்குத் தேவையான நேரத்தை அவள் எனக்குக் கொடுத்தாள். அவள் காய் முழுவதையும் நறுக்கி முடித்தாள். நான் கல்லின் நிறத்தைப் பற்றிப் பேசினேன். கறுப்பா, சாம்பலா என்று. பிறகு சாப்பிட்டேன். மூன்றரை மணிப் பேருந்துக்குப் புறப்பட்டேன்.

இதை எழுதும் இன்று, செய்யாமல் இருப்பவை:

கொத்தனாரிடம் பெயரும் தேதிகளும் போதும் என்றாவது, வரிகள் வரும் என்றாவது சொல்லவேண்டும்.

சபை இதழுக்குத் திருத்தம் எழுதவேண்டும். முறுமுறுத்தார் என்ற சொல் அதில் இருக்கவேண்டும்.

ஏரலுக்கு நாவலைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

மனைவியின் கைப்பேசி எண்ணை நிறுத்தவேண்டும்.

மைத்துனியிடம் கேட்கவேண்டும்.